வகுப்பெடுக்கிறவர்களுக்கு எங்கள் பல்கலைக்கழக நூலகம் எப்படி?

எம்.ஏ. மாணவர்களுக்கு வரலாறு எடுக்கிறேன். நாலு வருடமாக இந்த நூலகத்தை நம்பித்தான் என் பாடம் ஓடுகிறது. பெயர் சொல்லமாட்டேன், அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

ஆய்வு இதழ்கள் விஷயத்தில் குறையே இல்லை. 2025 ஜனவரியில் மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்ததிலிருந்து 30 பதிப்பகங்களின் கிட்டத்தட்ட 13,000 இதழ்கள் திறந்து கிடக்கின்றன. முன்பு ஒரு கட்டுரை வேண்டுமென்றால் டெல்லியில் இருக்கும் நண்பனுக்கு வாட்ஸ்அப் போட்டு, அவன் மனம் இரங்கி பிடிஎஃப் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது வளாகத்துக்குள் இருந்தால் லாகின்கூட வேண்டாம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்துதானே மறுநாள் பாடம் தயாரிக்கிறோம்? வீட்டிலிருந்து நுழைய ஒரு படிவம், அதில் துறைத் தலைவர் கையெழுத்து, நூலகர் கையெழுத்து, அப்புறம் மூன்று வாரம். இப்படி ஒரு வசதி இருப்பதே எனக்கு இரண்டாவது வருடம்தான் தெரியும்.

பாடப்புத்தகம்தான் பெரிய தலைவலி. வகுப்பில் 38 பேர், பாதிப்பேர் தமிழில் தேர்வு எழுதுகிறவர்கள், அவர்களுக்கான புத்தகம் மூன்றே பிரதி. அதில் ஒன்று கணினிப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. நானே போய்த் தட்டில் தேடினேன், அந்த இடத்தில் யாரோ செருகிய தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் ஒன்று தூசியோடு சாய்ந்திருந்தது. கவுன்டரில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். "எழுதிக் குடுங்க சார், ஒண்ணை நான் இங்கேயே வெச்சிடறேன்" என்று அன்றைக்கே ஒரு பிரதியை எடுத்து, 'எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, வெளியே தரக்கூடாது' என்று துண்டுச்சீட்டில் எழுதி அட்டையில் ஒட்டிவிட்டார். பிள்ளைகள் இரண்டிரண்டு மணி நேரம் மாற்றி மாற்றிப் படித்தார்கள். அக்கா லீவு போட்ட வாரம் அதுவும் வெளியே போய்விட்டது, அது வேறு கதை.

வருட ஆரம்பத்தில் நடக்கும் நூலக அறிமுகம் சுத்த வேஸ்ட், நூறு பேரை ஹாலில் உட்காரவைத்து ஆங்கில ஸ்லைடு ஓட்டுவார்கள். அதற்குப் பதில் உதவி நூலகர் ஒருவரை ஒரு பீரியட் என் வகுப்புக்கே வரச் சொன்னேன். 1876–78 பஞ்சத்தைப் பற்றிப் பிள்ளைகளையே தேடவிட்டு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஒரு ஆய்வேட்டைத் திறந்து கடைசியில் இருக்கும் நூற்பட்டியலிலிருந்து அடுத்த புத்தகத்தை எப்படிப் பிடிப்பது என்று தமிழிலேயே காட்டினார். அடுத்த அசைன்மென்ட்டில் விக்கிபீடியா வாடையே இல்லை! பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் காட்டிவிட்டுப் போனார், வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம்.

வாசலில் இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் படம், அவர் நினைவாக நூலகர் தினம் கொண்டாடும் ஆகஸ்ட் 12 வந்தால் மாலை உண்டு. அவரே மாநிலக் கல்லூரியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், வாசகர் நேரத்தை மிச்சப்படுத்து என்று விதியே எழுதினார். அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் செராக்ஸ் கவுன்டர் நாலு மணிக்கு மூடிவிடும், என் வகுப்பு முடிவது நாலு பத்துக்கு.

ஐந்துக்கு மூன்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் வீட்டிலிருந்து நுழைவதற்கான அந்தப் படிவத்தை முதல் வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள், செய்தித்தாள் மேசைக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் இருக்கிறது, தானாக யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.