அம்மாவின் கை 34 சென்டிமீட்டர்: பிரஷர் மெஷின் வாங்கிய கதை

மெஷின் வாங்கி நாலு மாதம் ஆகிறது. 1,850 ரூபாய். மேல்கையில் பட்டையைச் சுற்றிப் பட்டனை அமுக்கினால் தானே காற்றை ஏற்றி இறக்கி எண்ணைக் காட்டும் வகை. ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சிமடத்தில் எங்களுக்கு மல்லிகை நாற்றுப் பண்ணை. அம்மாவுக்கு எழுபது வயது. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அவ்வளவு தூரம் பஸ், அப்புறம் மாடிப்படி. மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்ததுமே நர்ஸ் ரவிக்கைக் கைமேலேயே பட்டையைச் சுற்றிவிட்டார். அம்மாவுக்குக் கால் தரையில் எட்டவில்லை. காற்று ஏறும்போதே, "காலையில என்ன பாட்டி சாப்பிட்டீங்க?" என்று வேறு கேட்க, அம்மா நண்டுக் குழம்பில் ஆரம்பித்து மருமகள் வரைக்கும் போய்விட்டார். 172/98. பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மில்லிகிராம் 10 ஆனது. பத்து நாளில் தலைசுற்றல். நாற்றுப் பாத்தி நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மெஷினோடு வந்த தாளில் தமிழ் கிடையாது. மகள்தான் படித்துச் சொன்னாள். அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து காபி, டீ கூடாது. ஒன்றுக்குப் போய்விட்டு வர வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பட்டை வெறுங்கையில், நெஞ்சு மட்டத்தில். வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை அளக்க வேண்டும். டாக்டர்களுக்கான நெறிமுறைகளிலும் இதேதான் இருக்கிறது. கிளினிக்கில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. நர்ஸைத் திட்டவும் மனசு வரவில்லை, வெளியே டோக்கனோடு அத்தனை பேர்.

இனி மெஷினின் குறை. பெட்டியில் வரும் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுக் கைக்கு. தையல் டேப்பால் அளந்தேன், அம்மாவுக்கு 34. சின்னப் பட்டை இறுக்கினால் எண் கூடுதலாகத்தான் காட்டும். 650 ரூபாய்க்குப் பெரிய பட்டை தனியாக வாங்கினேன். அடுத்தடுத்து மாற்றிப் பார்த்தால் மேல் எண் சின்னதில் 126, பெரியதில் 114. விற்கும்போதே கை அளவைக் கேட்டிருக்கலாம்.

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று ஏழு நாள் நோட்டில் எழுதினோம். மாத்திரையில் நானாகக் கை வைக்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் வீட்டுக்கு வரும் அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். "இதோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், அம்மாவை நிற்கவைத்தும் அளந்தார், மேல் எண்ணே 98தான். பழையபடி 5 மில்லிகிராம். இப்போது வீட்டில் 130, 132 என்று நிற்கிறது. வீட்டு அளவுக்கு எல்லை 135/85, ஆஸ்பத்திரியில் 140/90. இந்த வித்தியாசமும் அந்த டாக்டர் சொல்லித்தான் தெரியும். கருவாட்டை வாரம் ஒரு நாளாகக் குறைக்கச் சொன்னதற்கு மட்டும் அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.

பேட்டரி நாலு. எங்கள் உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் முனையில் பச்சை பிடித்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி, மெஷினை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் மூடிவைக்கிறேன். 5க்கு மூன்றரை. பட்டைக்காக ஒன்று, துருவுக்காக அரை.