பாரிஸ் போகும் முன்: டுவோலிங்கோவா, பிம்ஸ்லரா?

இரண்டுமே மொழி கற்கும் செயலிகள். பிரெஞ்சு பழக, பயணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு பிம்ஸ்லருக்கே. ஒவ்வொரு பாடமும் சுமார் 30 நிமிட ஒலிப்பதிவு. கேள்வி கேட்டுவிட்டு, நாம் வாய்விட்டுப் பதில் சொல்ல இடைவெளி விடும். பிறகு சரியான பதிலைச் சொல்லும். பாரிஸ் பேக்கரிக்குள் நுழைந்ததும் தயங்காமல் ‘போன்ஜூர்’ (வணக்கம்) சொல்லி, ‘யூன் பகெத், சில் வூ ப்ளே’ (ஒரு பகெத் ரொட்டி, தயவுசெய்து) என்று கேட்க இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். அங்கே வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது மரியாதைக் குறைவு. ஆனால் முழுப் பாடத்துக்கும் பணம் கட்ட வேண்டும்.

டுவோலிங்கோவை இலவசமாகவே பயன்படுத்தலாம், விளம்பரம் வரும். விளையாட்டுபோல நகர்வதால் தினமும் திறக்கத் தோன்றும். மெனு, மெட்ரோ பலகைகளை வாசிக்க இதுதான் மேல். பிரெஞ்சில் சொல்லின் கடைசி எழுத்து பெரும்பாலும் ஒலிக்காது, கேட்டு மட்டும் பழகியவர் பலகை முன்னால் திணறுவார். நேரம் நிறைய இருந்தால் இதில் தொடங்கலாம், ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கச் சொல்லிப் பார்த்தபடி.