யூஎஸ்பி விட்டு விட்டுத் துண்டிக்கிறதா? சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மாற்றாத மதர்போர்டை மாற்றிவிட்டதாகச் சொல்லி என்னிடம் ஒரு பெரிய தொகையை வாங்கிவிட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. இதே கோளாறோடு சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பத் தயாராக இருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

என் வீட்டுக் கணினி, பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தியது. இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சிபியு மேசைக்கு அடியில் இருக்கும். கை எட்டாது என்பதால் அதன் முன்பக்கத்திலிருந்து மூன்று மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை மேலே இழுத்து, அதன் முனையில் நான்கு துளை உள்ள ஒரு சின்ன ஹப்பை மாட்டியிருந்தேன். கீபோர்டு, மவுஸ், வெப்கேம், ஒரு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க், நான்கும் அந்த ஹப்பில்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் டிஸ்க் மட்டும் எப்போதாவது காணாமல் போகும். பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்துகொண்டிருப்பேன், பாதியில் அந்த 'டிடிங்' சத்தம் கேட்கும், டிஸ்க் மறைந்துவிடும். சில நொடிகளில் தானாகவே திரும்பி வரும். அப்புறம் கீபோர்டும் மவுஸும் சேர்ந்தே இரண்டு நொடி செத்துப் பிழைக்க ஆரம்பித்தன. ஒரு வீடியோ மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கேமரா அணைந்தது. டிரைவர்களை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், விண்டோஸ் அப்டேட் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. அந்த டிஸ்க்கில்தான் அப்பாவின் பழைய புகைப்படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அது பாதியில் அறுபட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்கும். அந்தப் பயத்தில்தான் சிபியுவையும் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஹப்பையும் கேபிளையும் கொண்டு போகவில்லை. எதன் வழியாக இவற்றையெல்லாம் இணைத்திருக்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவும் இல்லை. என்னைப் பொறுத்தவரை முதல் அபாய அறிகுறி அதுதான். யூஎஸ்பி துண்டிக்கிறது என்று வருபவரிடம் கேபிளைப் பற்றிக் கேட்காமல் சிபியுவைத் திறக்கிறவர் கோளாறைத் தேடவில்லை.

டெக்னீஷியன் முன்பக்கத் துளையில் ஒரு பென் டிரைவைச் செருகி, லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு சொன்னார்: "போர்டு போச்சு மேடம். சவுத் பிரிட்ஜ் ஐசி வீக்கா இருக்கு. இப்படியே விட்டீங்கன்னா ஹார்டு டிஸ்க்கையும் அடிச்சிரும்." சவுத் பிரிட்ஜ் என்றால் யூஎஸ்பி துளைகளை இயக்கும், போர்டில் உள்ள சிப். பிறகு டிஸ்க்கைச் செருகினார். "இதுலயே பேட் செக்டர் நிறைய வந்திருச்சு. டேட்டா ரெக்கவரி பண்ணணும், அதுக்குத் தனி சார்ஜ் ஆகும்" என்றார். பேட் செக்டர் என்றால் டிஸ்க்கில் பழுதாகிப்போன இடம்.

டிஸ்க்கை அடித்துவிடும் என்ற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் போர்டு மாற்றச் சம்மதித்தேன். நல்லவேளையாக டிஸ்க்கை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று கையோடு எடுத்து வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து சிபியு தயார் என்றார்கள். பில்லில் 'மதர்போர்டு மாற்றம்' என்று ஒரு தொகை, சர்வீஸ் சார்ஜ் என்று இன்னொரு தொகை. புது போர்டு வந்த பெட்டி எங்கே என்று கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். பழைய போர்டு? "அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சு மேடம்." எனக்கு முன்னாலேயே ஒரு மவுஸையும் பென் டிரைவையும் பின்பக்கத் துளைகளில் நேராகச் செருகிக் காட்டினார்கள். அறுபடாமல் ஓடியது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே டிஸ்க் மறுபடி அறுபட்டது. போன் செய்தால், "புது போர்டு மேடம், செட் ஆக ரெண்டு நாள் ஆகும்" என்றார். இரண்டு நாள் கழித்துக் கேட்டால், "அப்ப எஸ்எம்பிஎஸ் வீக்கா இருக்கும், கொண்டு வாங்க, மாத்திரலாம்." எஸ்எம்பிஎஸ் என்பது சிபியுவுக்குள் மின்சாரம் தரும் பெட்டி. சாதனத்தைப் பார்க்காமலே அடுத்த பாகத்தை மாற்றச் சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

நெட்வொர்க் வேலை பார்க்கும் என் சித்தி பையனைக் கூப்பிட்டேன். வந்தவன் மேசையைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "ஹப்பைக் கழட்டிட்டு டிஸ்க்கை நேரா பின்னாடி செருகிப் பாருக்கா." செருகினேன். டிஸ்க்கில் இருந்த அத்தனை படங்களையும் கணினிக்குள் காப்பி செய்தோம். ஒரு தடவைகூட அறுபடவில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்த்தான். மாற்றப்பட்ட செக்டர் சைபர், சந்தேகத்துக்குரிய செக்டர் சைபர். 'பேட் செக்டர் நிறைய' என்று சொல்லப்பட்ட அதே டிஸ்க்!

காரணத்தை அவன் விளக்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் அவ்வளவு எளிமையான விஷயம். ஒரு யூஎஸ்பி 2.0 துளை அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர் தர வேண்டும் என்பது விதி. 3.0 என்றால் 900. என்னுடையது தனி மின் இணைப்பு இல்லாத 2.0 ஹப். சிபியுவிலிருந்து வரும் அந்த 500-ஐத்தான் அது தனக்கும் நான்கு துளைகளுக்கும் பங்கு போட வேண்டும். விதிப்படி ஒரு துளைக்கு 100 மில்லி ஆம்பியர்தான் கணக்கு. கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது தாராளம். ஆனால் போர்ட்டபிள் டிஸ்க்குக்குள் மோட்டார் ஒன்று சுழல்கிறது. அது சுழலத் தொடங்கும் கணத்தில் மட்டும் ஒரு ஆம்பியர் அளவுக்குக்கூட இழுக்கும் டிஸ்க்குகள் உண்டு.

இதோடு அந்த மூன்று மீட்டர் கேபிள். நல்ல கேபிளின் மேலுறையில் உள்ளே இருக்கும் கம்பியின் பருமனை அச்சிட்டிருப்பார்கள். 28 ஏடபிள்யூஜி என்றால் மெல்லியது, 24 என்றால் தடிமன். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். 28 பருமன் செம்புக் கம்பியில் போக வர ஆறு மீட்டருக்கு 500 மில்லி ஆம்பியர் ஓடினால், வழியிலேயே சுமார் 0.6 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டாகக் கிளம்பியது டிஸ்க்குக்கு 4.4 வோல்ட்டாகத்தான் போய்ச் சேரும். அது போதாமல் டிஸ்க் மயங்கி விழுகிறது. மின்னழுத்தம் அப்படிச் சரியும்போது ஹப்பும் சேர்ந்து விழும். கீபோர்டும் கேமராவும் கூடவே போனதற்கு அதுதான் காரணம். பல சாதனங்கள் ஒரே நொடியில் அறுபடுகின்றன என்றால், அவை அனைத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். என் விஷயத்தில் ஹப்பும் கேபிளும். கடையில் பின்பக்கத் துளையில் நேராகச் செருகிக் காட்டினால் ஒழுங்காக ஓடாமல் என்ன செய்யும்? என் பழைய போர்டும் அப்படித்தான் ஓடியிருக்கும்.

டிஸ்க்கை நிரந்தரமாகப் பின்பக்கத்துக்கு மாற்றினேன். மற்றவற்றுக்கு அடாப்டரோடு வரும் ஹப் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகும் வெப்கேம் மட்டும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் காணாமல் போனது. அதற்கு விண்டோஸின் மின்சேமிப்பு காரணம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்தேன். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி தரும் டிக்கையும் எடுத்தேன். அதன் பிறகு இன்றுவரை அறுபடவில்லை.

அவன் சொன்ன வேறு இரண்டு விஷயங்களும் சிலருக்கு உதவலாம். வயர்லெஸ் மவுஸ் மட்டும் திக்கித் திணறினால், அதன் சின்ன ரிசீவர் 3.0 டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே செருகியிருக்கிறதா என்று பாருங்கள். 3.0 இணைப்பு எழுப்பும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். இதை 2012-லேயே இன்டெல் ஒரு ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. ரிசீவரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே போதும். இன்னொன்று, 2021-இல் ஏஎம்டியின் 500 வரிசை சிப்செட் போர்டுகளில் யூஎஸ்பி விட்டு விட்டுத் துண்டித்தது. ஏஎம்டியே அதை ஒப்புக்கொண்டு, பயாஸுக்குள் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) இடம்பெறும் ஏஜெஸா என்ற தன் நிரலின் 1.2.0.2 பதிப்பில் சரிசெய்தது. போர்டு தயாரிப்பாளர்கள் அதை பயாஸ் அப்டேட்டாக இலவசமாகவே கொடுத்தார்கள். அந்தக் காலத்து போர்டு வைத்திருப்பவர்கள் பழைய பயாஸோடு இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

சரி, ஏமாற்றம் எப்படித் தெரிந்தது என்பதற்கு வருகிறேன். கோளாறு தீர்ந்ததும் தம்பி, "போர்டு மாத்தினாங்கன்னு சொன்னியே, விண்டோஸ் ஆக்டிவேஷன் ஏதாவது கேட்டுச்சா?" என்று கேட்டான். கேட்கவில்லை. விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் கணினியின் வன்பொருளோடு பிணைந்தது. மதர்போர்டை மாற்றினால் வழக்கமாக அது செயலிழந்து, மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. அடுத்து ரவுட்டரைத் திறந்தான். ஒவ்வொரு மதர்போர்டின் நெட்வொர்க் இணைப்புக்கும் தனி மேக் முகவரி, அதாவது அதை அடையாளம் காட்டும் எண், உண்டு. போன வருடம் என் கணினியின் மேக் முகவரியைப் பதிந்து, அதற்கென்று ஒரு ஐபி எண்ணை ஒதுக்கி வைத்திருந்தோம். புது போர்டு என்றால் முகவரி மாறியிருக்க வேண்டும். அதே முகவரி, அதே ஐபி.

அப்புறம் மூடியைத் திறந்தோம். புது போர்டின் மேல் இரண்டு வருடத் தூசி, ஸ்லாட்டுகளுக்கு நடுவில் படலமாக. போர்டில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணையும், நான் பரணில் பத்திரமாக வைத்திருந்த பழைய பெட்டியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே எண். மூன்று நாள் என் கணினியை அப்படியே வைத்திருந்து திருப்பித் தந்திருக்கிறார்கள். இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு: அந்த போர்டுக்கு மூன்று வருட வாரண்டி. உண்மையிலேயே போர்டு போயிருந்தால்கூட தயாரிப்பாளரிடம் மாற்றிக்கொள்ளும் உரிமை எனக்கு இருந்தது. வாரண்டி இருக்கிறதா என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே, எதையும் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து வீட்டில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஹப், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரு சாதனத்தை மட்டும் பின்பக்கத் துளையில் நேராகச் செருகிப் பாருங்கள். பின்பக்கத் துளைகள் போர்டிலேயே பற்றவைத்தவை. முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு ஒயர் வழியாக வருபவை, அந்த ஒயர் தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். பின்பக்கத்தில் ஓடினால் போர்டு குற்றவாளி இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கேபிளை மாற்றிப் பாருங்கள், அதே டிஸ்க்கை வேறு கணினியில் பாருங்கள். இதெல்லாம் செய்தும் தீராமல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மூடியைத் திறந்து போர்டின் சீரியல் எண் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதை அவர்கள் கண் முன்னாலேயே எடுங்கள். கழற்றிய பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதிய பாகத்தின் சீரியல் எண் பில்லில் இருக்க வேண்டும். உங்கள் டேட்டா இருக்கும் டிஸ்க்கைக் கூடவே கொடுக்காதீர்கள்.

நானும் தம்பியும் பெட்டி, பில், போர்டின் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனோம். முதலில் "சீரியல் நம்பரை நாங்களே பழையபடி எழுதிருவோம் மேடம்" என்றார் அந்த டெக்னீஷியன். சாஃப்ட்வேரில் எழுதலாம், போர்டில் ஒட்டிய ஸ்டிக்கரையும் தூசியையும் எப்படி எழுதினீர்கள் என்று தம்பி கேட்டான். அவர் உள்ளே போய்விட்டார். உரிமையாளர் வந்து, பையன் ஏதோ குழப்பிவிட்டான் என்று சொல்லி போர்டுக்கான தொகையைத் திருப்பித் தந்தார். சர்வீஸ் சார்ஜைத் தர மாட்டேன் என்றார். பணத்தை நீட்டும்போது அந்தப் பில்லைத் திருப்பிக் கேட்டார், தரவேண்டும் என்று இரண்டு மூன்று தடவை வற்புறுத்தினார். நான் கொடுக்கவில்லை. சர்வீஸ் சார்ஜுக்காக நுகர்வோர் குறைதீர்ப்பில் எழுதிக் கொடுத்த புகாரோடு அதன் நகலைத்தான் இணைத்திருக்கிறேன்.