ஈரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் பழுதுபார்ப்புக் கடை: போகாத போர்டும் போன பவர் சப்ளையும்

வீரப்பன்சத்திரத்தில் உள்ள எங்கள் விசைத்தறிக் கூடத்தின் கணக்கெல்லாம் 2012இல் வாங்கிய மேசைக் கணினியில்தான் ஓடுகிறது. இரண்டாம் தலைமுறை ஐ3, எச்61 போர்டு, 4 ஜிபி மெமரி. சென்ற ஆடியிலிருந்து அது முரண்டு பிடித்தது. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும், ஆனால் மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்றே வரும்; அணைத்து அணைத்துப் போட்டால் நான்காம் முறை படம் வரும், வந்தாலும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். அதைக் கவனியாமல் போட்ட பில்களைத் திருத்துவதே தனி வேலையாயிற்று. முதலில் காட்டிய கடையில் மூடியைக்கூடத் திறக்காமல், போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் பன்னீர்செல்வம் பூங்காப் பக்கமுள்ள இந்த மாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எங்கள் சிபியுவைத் தம்முடைய மானிட்டரில் மாட்டிப் பார்த்தார். அதிலும் படம் வராததால் கோளாறு பெட்டிக்குள்தான் என்று முடிவாயிற்று. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பிராசசர் விசிறிக்கு அடியில் ரேயான் பிசிறு மெத்தைபோல் அடைந்து, காற்றுப் போக வழியே இல்லை. அதை ஊதி எடுத்த பின் மெமரியைக் கழற்றிவிட்டு, போர்டில் விரல்நுனி அளவு ஸ்பீக்கர் ஒன்றைச் செருகி பவர் கொடுத்தார். விட்டுவிட்டு நீளமாகக் கத்தியது. “மெமரி இல்லீனு கத்துதுங்க பாருங்க, அப்ப போர்டும் பிராசசரும் உசுரோடதானுங்க இருக்குது” என்றார். இந்த ஒரு சோதனைக்காகவே அவருக்குக் கூலி கொடுக்கலாம் என்று தோன்றியது. மெமரியின் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து மாட்டியதும் முதல் முறையிலேயே படம் வந்தது.

அதோடு விட்டிருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி தூக்கிக்கொண்டு போயிருப்பேன். மல்டிமீட்டரை வைத்தபோது 12 வோல்ட் வர வேண்டிய மஞ்சள் வயரில் 11.1தான் காட்டியது, 11.4க்குக் கீழே இறங்கக் கூடாதாம். எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளைப் பெட்டியின் சல்லடை வழியே டார்ச் அடித்து, தலை உப்பிக் கெட்டுப்போன இரண்டு கப்பாசிட்டர்களைக் காட்டினார். தேதி பின்னுக்குப் போனதற்குக் காரணம் தனி: 3 வோல்ட் இருக்க வேண்டிய சிஆர்2032 பட்டன் செல்லில் 2.3தான் மிச்சம் இருந்தது. எஸ்எம்பிஎஸ், செல் இரண்டையும் மாற்றச் சொன்னேன். எங்கள் மானிட்டரில் திரை அவ்வப்போது மஞ்சள் பூத்ததற்கும் சிபியுவிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் விஜிஏ கேபிளே காரணம் என்றார். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் போவதால், நீலம் விட்டுப்போனால் வெள்ளை மஞ்சளாகிவிடுமாம். கேபிள் மாற்றியதும் சரியாயிற்று.

குறைகளும் உண்டு. எஸ்எம்பிஎஸ் வரவழைத்து இரண்டு நாளில் தருவதாகச் சொன்னவர் நான்கு நாள் ஆக்கினார், கேட்டால் மட்டுமே போனில் பதில் வந்தது. மொத்தமாக 1,950 ரூபாய் என்று துண்டுச்சீட்டில் எழுதினாரே தவிர, எந்தப் பொருளுக்கு எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று நான் வற்புறுத்திய பிறகுதான் பிரித்து எழுதினார். கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இவ்வளவு துல்லியமாகச் சோதிப்பவருக்கு ஒரு பில் புத்தகம் அச்சடிப்பது பெரிய செலவா?

ஆனால் விற்பனைக்காக அவர் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதையும், விண்டோஸ் 11 இந்த பிராசசரை ஏற்காது என்பதையும் அவரே எடுத்துச் சொல்லி, “கணக்குக்கு மட்டும் வெச்சுக்குங்க, பேங்க் வேலைய இதுல பண்ணாதீங்க” என்றார். அதன்படி நெட் வயரைப் பிடுங்கிவிட்டோம். தரையில் கிடந்த சிபியு இப்போது தறிகளுக்கு எட்டத்தில், ஒரு ஸ்டூல்மேல் இருக்கிறது.