மூட்டுச் சேதத்தை அளக்க: கண்ணா, கணினியா?

முடக்கு வாதம் உள்ளவரின் கை எக்ஸ்-ரேயில் முக்கியமாகத் தேடுவது இரண்டு விஷயங்கள். எலும்பின் ஓரம் கொறித்தது போல அரித்திருக்கிறதா? மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறதா? எலும்பு முனைகளை மெத்தை போல மூடியிருக்கும் குருத்தெலும்பு எக்ஸ்-ரேயில் தெரியாது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே தெரியும் கறுப்பு இடைவெளிதான் அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்குச் சாட்சி. இவற்றைக் கண்ணால் பார்த்து ஸ்கோர் போடுவதா, கணினியால் அளப்பதா என்று கேட்டால், அரிப்புக்கு ஒரு பதிலும் இடைவெளிக்கு வேறு பதிலும் சொல்வேன்.

கண்ணால் பார்க்கும் முறைகளில் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்புவது, 1971-இல் ஷார்ப் வகுத்து 1989-இல் வான் டெர் ஹெய்டெ திருத்திய முறை. இரண்டு கைகள், இரண்டு பாதங்கள். மூட்டு மூட்டாகப் பார்த்து 0 முதல் 448 வரை ஸ்கோர்; எண் கூடினால் சேதம் அதிகம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனாலும் பழகிய கண்ணுக்கு ஈடில்லாத ஒரு திறமை உண்டு: எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பிக் கிடக்கும் மணிக்கட்டில்கூட, இது அரிப்பு, இது வெறும் நிழல் என்று பிரித்துவிடும்.

அது தடுமாறுவது இடைவெளியில். இந்த முறையில் இடைவெளிக்கு 0 முதல் 4 வரைதான். பரவலாகக் குறைந்து, ஆனால் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் 2. ஒரு விரல் மூட்டில் 1.7 மி.மீ. இருந்தது அடுத்த ஆண்டு 1.4 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்திலும் 2, அடுத்ததிலும் 2 என்றே வரலாம். குருத்தெலும்பு போய்க்கொண்டிருக்கிறது, ஸ்கோர் அசையவில்லை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை; மருந்து கேட்கிறதா இல்லையா என்ற கேள்வியே அந்த 0.3-இல்தான் இருக்கிறது.

இங்கேதான் கணினி ஜெயிக்கிறது. எலும்பு விளிம்புகளைக் கண்டுபிடித்துக் கோடு போட்டு, இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் சொல்லும். ஒரே படத்தை மறுபடி கொடுத்தால் ஏறக்குறைய அதே எண் வரும். முழங்கால் தேய்மானத்துக்கு இது இன்னும் அவசியம். தேய்மானத்தைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்க 1957-இலிருந்து புழங்கும் கெல்கிரென்-லாரன்ஸ் கிரேடு 0 முதல் 4 வரைதான். இடைவெளியோ சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 0.1 மி.மீ. அளவில்தான் குறைகிறது.

சரி, அப்படியானால் கணினியையே நம்பிவிடலாமா? படம் எடுத்த விதத்தையும் பார்க்க வேண்டும். முழங்கால் மூட்டின் கீழ்த்தளம் எக்ஸ்-ரே கதிருக்கு இணையாக இல்லாவிட்டால், அதன் முன் விளிம்பும் பின் விளிம்பும் படத்தில் இரண்டு கோடுகளாகப் பிரியும். மென்பொருள் போன முறை ஒன்றையும் இந்த முறை மற்றொன்றையும் பிடித்தால், தேயாத மூட்டும் தேய்ந்ததாகிவிடும். விரல் கொஞ்சம் மடங்கியிருந்தாலும் இதே கதை. மூட்டு நழுவியிருந்தால் அளக்க இடைவெளியே இருக்காது. அங்கே கண்தான் துணை.

அப்புறம், படத்தைப் பார்த்துத் தானே ஸ்கோர் போடும் செயற்கை நுண்ணறிவு. வேகமானது, அலுக்காது. ஆனால் பெரும்பாலும் மனிதர்கள் போட்ட ஸ்கோர்களைப் பார்த்தே கற்கிறது. அவர்கள் 2 என்றும் 3 என்றும் தடுமாறிய இடத்தில் அதுவும் தடுமாறும். மில்லிமீட்டர் அளவு தரும் நுணுக்கத்தை, அதே 0–4 கட்டங்களைத் திருப்பிச் சொல்லும் கருவியிடம் எதிர்பார்க்க முடியாது.

என் தேர்வு கலவைதான். விரல் மூட்டுகளிலும் முழங்காலிலும் இடைவெளியைக் கணினி அளக்கட்டும். அரிப்பையும் மணிக்கட்டையும் பழகிய கண் பார்க்கட்டும். கணினி போட்ட கோட்டையும் ஒருவர் பெரிதாக்கிப் பார்த்து, அது நிஜமாகவே எலும்பு விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே அந்த எண்ணை எழுத வேண்டும்.