தாடை எலும்பு ஒட்டு சிகிச்சை: சத்துவாச்சாரியில் கண்ட அனுபவம்

என் தாயாருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், அந்த இடத்தில் தாடை எலும்பு கரைந்து, இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு) பொருத்தப் போதிய அகலம் இல்லை என்பதை, வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள ஒரு பல் மருத்துவமனையில் முப்பரிமாண ஸ்கேனைத் திரையில் காட்டியே விளக்கினார்கள். கரைந்த எலும்பை ஈடுகட்ட வைக்கும் ஒட்டுப்பொருள் நோயாளியின் சொந்த எலும்பாகவோ, பதப்படுத்திய மாட்டெலும்பாகவோ, செயற்கைத் துகளாகவோ இருக்கலாம் என்பதால், எதற்குச் சம்மதம் என்று முன்கூட்டியே கேட்டது எனக்கு மிகுந்த நிறைவளித்தது. சமய நம்பிக்கையுள்ள குடும்பங்களிடம் இதைக் கேட்காமல் செய்வது பெருந்தவறு.

மரப்பு ஊசி போட்ட பின், ஈறைத் திறந்து, உப்புநீரில் நனைத்த ரவை போன்ற வெண்துகள்களை நிரப்பி, மேலே கொலாஜன் என்ற புரதத்தாலான மெல்லிய சவ்வை வைத்துத் தைத்தார்கள். வலி மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. வீக்கம் இரண்டு மூன்று நாள் கூடிப் பிறகு வடிந்தது. அதுவரை ஆறிய கஞ்சியும் குழைந்த சோறும்தான். ஓரிரு துகள்கள் நாக்கில் தட்டுப்படலாம் என்று சொல்லியிருந்ததால், அப்படி நேர்ந்தபோது அம்மா பதறவில்லை.

குறை, கட்டண விவரத்தில்தான். சவ்வுக்குத் தனித்தொகை என்பதை முதலிலேயே எழுதித் தந்திருக்க வேண்டும்.

ஒட்டு இறுகப் பொதுவாக 4 முதல் 6 மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆகவே குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கமிருந்து வருவோர் மறுவருகைகளுக்கான பயணச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். புகைப்பழக்கத்தை நிறுத்தாமலும், சர்க்கரை நோயைக் கட்டுக்குள் கொண்டுவராமலும் இந்தச் சிகிச்சையில் இறங்க வேண்டாம்.