ஒர்க் ஷீட்டா, ஐந்து பட்டனா? மழலையர் வகுப்பில் கணக்கை அளக்கும் வழிகள்

மேசையில் ஏழு பட்டன்களை வரிசையாக வைத்தேன். எதிரே ஐந்து வயதுப் பையன். ஒவ்வொன்றாக விரல் வைத்து, ஒன்றுகூட விடாமல் ஏழு வரை எண்ணினான். "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேட்டேன். திரும்பவும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டான். 'எத்தனை' என்றால் எண்ணிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவன் கணக்கு. "ஐந்து பட்டன் எடுத்துக் கொடு" என்றதும் ஒரு கை அள்ளி நீட்டினான்.

அதே வாரம் ஒர்க் ஷீட்டில் அவன் பத்துக்குப் பத்து.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. படத்தில் உள்ள வாத்துகளை எண்ணுகிறான், வாயில் கடைசியாக வந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடி வட்டம் போடுகிறான். மார்க் விழுந்துவிடுகிறது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தக் கூட்டத்தின் அளவு என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதை அந்தத் தாள் கேட்கவும் இல்லை.

ஒர்க் ஷீட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இருபத்தைந்து குழந்தைகளுக்குக் கால் மணி நேரத்தில் வேலை முடியும், கோப்பில் வைக்கலாம், பெற்றோர் கேட்டால் எடுத்துக் காட்டலாம். எண்ணுருவை அடையாளம் காண்கிறார்களா, எழுத வருகிறதா என்று பார்க்க அது போதும். அதற்கு மேல் போனால் கணக்கோடு சேர்த்து வேறு பலவற்றையும் அளக்கத் தொடங்கிவிடும்: பென்சில் பிடிப்பு, படம் புரிவது, சொன்னது காதில் விழுந்ததா, ஓரிடத்தில் உட்கார முடிகிறதா. 3-ஐத் திருப்பி எழுதுவது இந்த வயதில் சாதாரணம். அதற்குச் சிவப்புச் சுழி போட்டால் கையெழுத்துக்கு மார்க் குறைத்ததாகத்தான் அர்த்தம். 'எது அதிகமோ அதற்கு வண்ணம் தீட்டு' என்ற கேள்விக்கு ஒரு சிறுமி குறைவாக இருந்த பக்கத்துக்குத் தீட்டியிருந்தாள். ஏன் என்று கேட்டால், "இந்த மீன்தான் அழகா இருக்கு." மூன்று விடைகளில் ஒன்றை வட்டமிடச் சொன்னாலோ, கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும்.

இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பது, ஒரு குழந்தையோடு தனியாக உட்கார்ந்து பொருள்களை வைத்துக்கொண்டு பேசுவது. எனக்கு இதன்மேல்தான் பாசம், மறைக்கவில்லை.

எண்ணுவது என்பது ஒற்றைத் திறன் இல்லை என்று ரோசெல் கெல்மன், காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978-லேயே பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், எண்களின் வரிசை மாறாது, கடைசி எண்ணே மொத்தம், எதையும் எண்ணலாம், எந்தப் பக்கம் தொடங்கினாலும் மொத்தம் மாறாது. இந்த ஐந்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைப் பேச்சில்தான் பார்க்க முடியும். 'ஐந்து கொடு' விளையாட்டு, உளவியலாளர் கேரன் வின் செய்த ஆய்வுகளால் பரவலானது. மூன்று கேட்டுச் சரியாக வந்தால் நான்கு கேட்க வேண்டும், தவறினால் இரண்டுக்கு இறங்க வேண்டும். சில குழந்தைகள் இருபது வரை மளமளவென்று ஒப்பிப்பார்கள், ஆனால் மூன்றுக்கு மேல் எது கேட்டாலும் ஒரு கை அள்ளித் தருவார்கள். நம்ம பையனும் அப்படித்தான், மூன்று வரை பக்கா. வாத்துப் படங்களை நிறுத்திவிட்டு நான்கையும் ஐந்தையும் வைத்தே சில வாரம் விளையாடினோம். ஒருநாள் ஐந்து கேட்டபோது ஆறு எடுத்தான், உள்ளங்கையைப் பார்த்தான், ஒன்றைத் திரும்ப வைத்தான். அதுவரை அவனிடம் நான் பார்க்காத செயல் அது.

கூட்டலிலும் இதே கதைதான். கிண்ணத்துக்கு அடியில் ஐந்து பட்டன்களை மறைத்து, வெளியே இரண்டை வைத்து மொத்தம் கேளுங்கள். ஒருத்தி கிண்ணத்தை ஐந்து முறை தட்டி ஒன்றிலிருந்து எண்ணுவாள். இன்னொருத்தி "ஐந்து... ஆறு, ஏழு" என்பாள். இருவர் விடையும் ஏழுதான், தாளில் இருவருக்கும் ஒரே மார்க். ஆனால் அடுத்து என்ன சொல்லித்தர வேண்டும் என்று பார்த்தால் இருவரும் ஒரே இடத்தில் இல்லை. தவறுகூடச் சேதி சொல்லும். இருபத்தொன்பதுக்கு அப்புறம் "இருபத்துப் பத்து" என்று சொல்லும் குழந்தை எண்களின் கட்டமைப்பைப் பிடித்துவிட்டது. முப்பது வரை ஒப்பித்துவிட்டுக் கலங்காமல் நிற்கும் குழந்தையைவிட இந்தக் குழந்தையிடம் எனக்கு அதிகம் தெரிய வருகிறது.

இந்த முறையின் பெரிய ஓட்டை, கேட்பவர்தான். பெர்லினில் கணக்குப் போடுவதாகப் பேர் வாங்கிய ஹான்ஸ் என்ற குதிரை, எதிரே நிற்பவரின் தலையசைவைப் பார்த்துத்தான் குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-ல் கண்டுபிடித்தார். குழந்தைகள் அந்தக் குதிரையைவிடக் கெட்டிக்காரர்கள். புருவம் சற்று உயர்ந்தாலே விடை மாறிவிடும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் பிரபலமான சோதனையில், பொருள்களை அடுக்கிய இரண்டு வரிசைகளும் சமம் என்று குழந்தை ஒப்புக்கொண்டதும் பெரியவர் ஒரு வரிசையை நீட்டிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்பார். பல குழந்தைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் என்பார்கள். 1970-களில் மெக்காரிகில், டொனால்ட்சன் என்ற ஆய்வாளர்கள் ஒரு குறும்புக் கரடிப் பொம்மையை வைத்து வரிசையைக் கலைத்தபோது சரியாகச் சொன்னவர்கள் மிக அதிகம். பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டுத் திரும்பக் கேட்டால், 'அப்போ முன்னாடி சொன்னது தப்பு போல' என்று குழந்தைக்குத் தோன்றாதா என்ன? அதனால் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்பதை இப்போது தவிர்க்கிறேன். "எப்படித் தெரிஞ்சுது?" என்பதைச் சரியான விடைக்கும் கேட்கிறேன். தப்புக்கு மட்டும் கேட்டால் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விளையாடும்போது கவனித்துக் குறிப்பெழுதுவது மூன்றாவது வழி. தனியாக உட்காரவைத்தால் வாயே திறக்காத குழந்தை, கட்டைகளைப் பங்கு போடும்போது "உனக்கு ரெண்டு கூட இருக்கு, ஒண்ணு குடு" என்று சண்டை போடும். கூட்டல், கழித்தல், சமமாக்குவது எல்லாம் அந்தச் சண்டையில் இருக்கிறது. பகடையில் நான்கு புள்ளி விழுந்ததும் எண்ணாமலே நான்கு கட்டம் நகர்த்துகிறாளா, புள்ளிகளைத் தொட்டு எண்ணுகிறாளா என்பதை அங்கேதான் இயல்பாகப் பார்க்கலாம்.

சிக்கல் என்னவென்றால், சத்தம் போடுகிறவர்கள்தான் நம் கண்ணில் படுவார்கள். என் பழைய நோட்டைப் புரட்டியபோது நான்கு பேரைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது, ஓரமாகப் படம் வரைந்துகொண்டிருந்த ஆறு பேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்த குறிப்புகளிலும் பாதி 'நன்றாக எண்ணுகிறாள்' ரகம். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. '8 கட்டை, ஆறாவதை இருமுறை தொட்டாள், 9 என்றாள்' என்றிருந்தால் மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்: எண்ணியதை ஒதுக்கி வைக்கப் பழக்க வேண்டும். இந்த வாரம் இதை மட்டும் பார்ப்பேன் என்று முடிவு செய்துகொண்டு, பெயர்ப் பட்டியலில் டிக் அடித்தபடி கவனித்தால் விட்டுப்போவது குறையும்.

புகைப்படத் தொகுப்பு பார்க்க அழகு. ஆனால் கட்டைக் கோபுரத்தின் படத்துக்குக் கீழே குழந்தை சொன்ன வார்த்தை இல்லையென்றால், அது கோபுரத்தின் படம்தான். டேப்லெட் செயலிகள் விடைக்கு ஏற்றபடி கேள்வியை எளிதாக்கும், கடினமாக்கும், அது நல்லதுதான். மேசைக்கு அடியில் மடங்கும் விரல்கள் அதற்குத் தெரியாது.

பேச்சுக்கு நேரம் எங்கே என்பீர்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் இருபத்தைந்து பேருக்கு 125 நிமிடம். பத்துப் பள்ளி நாட்களுக்குப் பிரித்தால் நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். மற்றவர்கள் விளையாடும் நேரத்தில் முடித்துவிடலாம், வகுப்பில் இன்னொரு பெரியவர் இருந்தால். தனியாளாக இருந்தால் எல்லோரையும் உட்காரவைக்க முயல வேண்டாம். முதலில் கவனித்துக் குறிப்பெடுங்கள். குறிப்பு எதுவும் சேராதவர்கள், முழு மார்க் வாங்கியும் சந்தேகம் தருகிறவர்கள், இவர்களோடு மட்டும் பட்டன் டப்பாவைத் திறந்தால் போதும். ஒர்க் ஷீட்டுகள் கோப்பில் இருக்கட்டும். பெற்றோர் வரும் நாளில் நான் முதலில் எடுப்பது அந்தக் கோப்பை அல்ல, இரண்டு வரிக் குறிப்புகள் உள்ள நோட்டை.